கட்டளைப் பணமும் காய்கறிக் கூடையும்

அத்தியாயம் 6: சமையற்கட்டுக்கு ஒரு விலைக் குறியீடு

‘நிரந்தர அன்னதானக் கட்டளை’ என்று ரசீதில் அச்சடித்துக் கொடுக்கிறோம். அந்த ‘நிரந்தர’ என்ற சொல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், செங்கம் சாலையை ஒட்டி இயங்கிய ஒரு சிறிய அன்னதான அறக்கட்டளைக்குப் பல ஆண்டுகள் கணக்கு எழுதினேன். 1998-இல் ஒருவர் தன் தாயாரின் திதி நாளுக்கென்று 25,000 ரூபாய் கட்டினார். அப்போது எங்களுக்குக் கிடைத்த வட்டி 12 சதவீதம். ஆண்டுக்கு 3,000 ரூபாய். முதல் வருடம் அந்தப் பணத்தில் 150 பேருக்கு இலை போட்டோம். சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல், வடை, பாயசம். நாலைந்து வருடத்தில் பாயசம் நின்றது. அடுத்து வடை. பிறகு வாழையிலை போய்த் தட்டு வந்தது. 2023-இல் அதே 25,000 ரூபாய்க்கு வந்த வட்டி 1,700 ரூபாய். ஒரு சாப்பாட்டின் அடக்கம் 55 ரூபாய். 30 பேருக்குத்தான் போட முடிந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த அன்பருக்கு விபூதிப் பிரசாதத்தோடு ‘தங்கள் கட்டளை நிறைவேறியது’ என்று கடிதம் போனது. யாரும் ஒரு பைசா தொடவில்லை. தணிக்கையில் கணக்கு சரியாகவே இருந்தது. அந்தத் தாயாரின் பெயரில் சாப்பிட்டிருக்க வேண்டிய 120 பேரைத்தான் காணவில்லை. அந்தக் கடிதங்களை எழுதியவன் நான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் முன்னோருக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. கோயிலில் நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பிய சோழர் காலத்துக் கொடையாளர் பலர் பணமாகக் கொடுக்காமல் ஆடாகக் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. மன்றாடி என்ற இடையர் அவற்றைப் பொறுப்பேற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடாகிச் செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பிவிடும், எண்ணிக்கை குறையாது. கல்வெட்டுகள் இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. நெய் என்ன விலை விற்றாலும் விளக்குக்கு உழக்கு நெய் வந்துவிடும். கொடையாளர் கோயிலுக்கு உறுதி சொன்னது காசின் தொகையை அல்ல, பொருளின் அளவை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் விலைக் குறியீட்டெண் பாதி புரிந்த மாதிரிதான். நம்மால் இன்று ஆடு வாங்கிக் கட்ட முடியாது. ஆனால் ரூபாயில் வாங்கிய கட்டளை இன்றைக்கு எத்தனை இலைக்குச் சமம் என்று ஆண்டுதோறும் அளந்து பார்க்க முடியும். அந்த அளவுகோலுக்குத்தான் குறியீட்டெண் என்று பெயர்.

மேல்நாட்டில் இதைக் காகிதத்தில் முதலில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ஒரு பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் 15-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கல்லூரி விதி, ஆண்டுக்கு 5 பவுன் வெளி வருமானம் உள்ளவர் அங்கே உதவி பெறும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றது. 1707-இல் வில்லியம் ஃப்ளீட்வுட் என்பவர், அந்தக் காலத்து 5 பவுனுக்குக் கிடைத்த தானியம், இறைச்சி, குடிபானம், துணி ஆகியவற்றைத் தன் காலத்தில் வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டார். 28 முதல் 30 பவுன் வந்தது. விதியில் இருந்த எழுத்து அப்படியே இருக்க, அதன் பொருள் ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டிருந்தது. நம் திதிக் கட்டளையின் கதைதான். 1780-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் அரசு தன் போர் வீரர்களுக்குக் கொடுத்த கடன் பத்திரத்தில், இத்தனை அளவு சோளம், மாட்டிறைச்சி, ஆட்டு ரோமம், தோல் ஆகியவற்றின் விலையோடு சேர்ந்து தொகையும் ஏறும் என்று எழுதிக் கொடுத்தது. அவர்கள் கூடை வேறு. எண்ணம் சாவா மூவாப் பேராட்டின் எண்ணம்தான்.

அரசின் எண்கள்: யாருடைய கூடை?

நாளிதழில் ‘பணவீக்கம் இத்தனை சதவீதம்’ என்று வருவதை அப்படியே எடுத்து நம் சமையற்கட்டில் பொருத்தக் கூடாது. எந்தக் குறியீடாக இருந்தாலும் அதற்குள் ஒரு கூடை இருக்கிறது. அந்தக் கூடையில் என்னென்ன பொருள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை, எந்த நாளின் விலையை 100 என்று வைத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த எண்ணைத் தொட வேண்டும்.

நம் நாட்டின் பழைய குறியீடு 1873-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. அதில் 39 பொருள்கள்; 28 ஏற்றுமதிச் சரக்கு, 11 இறக்குமதிச் சரக்கு. எடை என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே மதிப்பு. கப்பலில் போய்வந்த சரக்கின் விலையை அது சொன்னது. ஏழை வீட்டு உலை எப்படிக் கொதித்தது என்பதை அது சொல்லவில்லை.

பிறகு வந்ததுதான் மொத்த விலைக் குறியீட்டெண். பொருளாதார ஆலோசகர் அலுவலகம் 1942 ஜனவரியில் இதை வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது. அப்போது 23 பொருள்கள். 1939 ஆகஸ்ட் 19-இல் முடிந்த வாரத்தின் விலை 100. இரண்டாம் உலகப் போர் வெடிக்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரம் அது. போரினால் விலை எவ்வளவு ஏறியது என்று அளக்க, போருக்கு முந்தைய வாரம் அளவுகோலானது. அதன் பின் கூடை வளர்ந்துகொண்டே போனது. 1952-53 வரிசையில் 112 பொருள்கள், 1970-71-இல் 360, 2004-05-இல் 676, 2017 மே மாதம் வெளியான 2011-12 வரிசையில் 697. இந்த 2011-12 வரிசையில் ஆலைப் பொருள்களின் எடை 64.23, நெல், பருப்பு, காய்கறி, கனிமம் போன்ற முதன்மைப் பொருள்களுக்கு 22.62, எரிபொருள், மின்சாரத்துக்கு 13.15. வீட்டு வாடகை இல்லை, கூலி இல்லை, மருத்துவர் கட்டணம் இல்லை. மறைமுக வரியும் கழிக்கப்பட்ட விலை. மண்டியில் மூட்டைக் கணக்கில் சரக்குப் பிடிப்பவருக்கும், மல்லாட்டையை (நிலக்கடலையை) ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகும் நம் மாவட்டத்து உழவருக்கும் இது ஓரளவு உதவும். இலை போடுகிறவருக்கு உதவாது.

நமக்கு நெருக்கமானது நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 2012-ஐ 100 என்று கொண்டு 2015 முதல் வந்த வரிசையில், நாடு முழுவதற்குமான கூடையில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86 எடை. கிராமத்தை மட்டும் எடுத்தால் 54.18, நகரத்தில் 36.29. வீட்டு வாடகைக்கு நகரக் கூடையில் 21.67, கிராமக் கூடையில் வாடகை என்ற வரியே இருக்கவில்லை. நம் பகுதிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆனது. ஆனால் ஆசிரமத்தைச் சுற்றி வாடகை ஏறியது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே. கார்த்திகை முதல் மாசி வரை வெளிநாட்டு அன்பர்கள் தங்கும் மாதங்களில் ஒரு சிறிய அறைக்கு இங்கே கேட்கும் வாடகையை எந்த கிராமக் கூடையும் பார்த்திருக்காது. புதிய வரிசை வரும்போது எடைகள் மாறும். எந்த வரிசை என்று பார்த்துவிட்டே எண்ணை எடுங்கள்.

மொத்த விலைக் கூடையும் நுகர்வோர் கூடையும் எவ்வளவு விலகிப் போகும் என்பதற்கு 2023 ஜூலை மாதம் சாட்சி. அந்த மாதம் தக்காளி விலை நாட்டையே உலுக்கியது. தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. நுகர்வோர் குறியீட்டின்படி பணவீக்கம் 7.44 சதவீதம். அதே மாதத்துக்கு மொத்த விலைக் குறியீடு முதலில் காட்டியது மைனஸ் 1.36 சதவீதம்! ஒரு கூடை ஏறுகிறது என்றது, மற்றொன்று இறங்குகிறது என்றது. இரண்டும் உண்மையே. எரிபொருளும் ஆலைச் சரக்கும் நிறைந்த கூடை இறங்கியது. தக்காளியும் வெங்காயமும் உள்ள கூடை ஏறியது. அந்த மாதம் ரசத்துக்குத் தக்காளி தேடியவருக்கு மொத்த விலைக் குறியீட்டால் என்ன பயன்?

உலகச் சந்தையும் நம் வாணலிக்குள் வருகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உணவு விலைக் குறியீடு தானியம், தாவர எண்ணெய், பால் பொருள், இறைச்சி, சர்க்கரை என்ற ஐந்து பிரிவுகளால் ஆனது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் அது அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. சூரியகாந்தி எண்ணெய் நமக்குப் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததால் அந்த மாதங்களில் இங்கே பலகாரம் போடும் கடைகள் திண்டாடின. எண்ணெயை மொத்தமாக வாங்குகிறவர்கள் இந்த எண்ணைக் கவனித்து வைப்பது நல்லது.

உங்கள் கூடையை நீங்களே கட்டுங்கள்

ஒரு நோட்டு, பழைய பில்கள், ஒரு கால்குலேட்டர் போதும். கடந்த 12 மாதச் செலவுச் சீட்டுகளை எடுத்து, மொத்தச் செலவில் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் எடை. ஒரு மாதச் சீட்டை வைத்து எடை போடாதீர்கள். ஒரு மாதம் மட்டும் பார்த்தால் காய்கறி ஏமாற்றும்.

பிறகு அடிப்படை மாதம். கார்த்திகை வேண்டாம். தீபத்தை ஒட்டிய நாள்களில் இலையும் பூவும் காயும் நம் ஊரில் வேறு விலைக்குப் போகும். அதை 100 என்று வைத்தால் அடுத்த பத்து மாதமும் விலை இறங்கிவிட்டது போலத் தெரியும். பௌர்ணமி நாள் விலையையும் எழுதாதீர்கள். சாதாரண மாதம் ஒன்றில், மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை என்பது போல ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, எப்போதும் அதே நாளில், அதே கடையில் விலை எடுங்கள். காய்கறிக்கு உழவர் சந்தை நல்லது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள்.

பொருளைத் துல்லியமாக எழுதுங்கள். ‘அரிசி’ என்று எழுதினால் போதாது. ஆரணிப் பொன்னியா, புழுங்கலா, பழையதா புதியதா, 25 கிலோ சிப்பமா என்று எழுத வேண்டும். ‘பால்’ என்பதும் அப்படியே. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. நீலமும் பச்சையும் அன்று ஏறவில்லை. நோட்டில் வெறும் ‘ஆவின் பால்’ என்று எழுதிய சமையற்கட்டுக்கு அந்த மாதம் விலை 25 சதவீதம் ஏறியதா, ஏறவே இல்லையா என்று சொல்ல முடியாது. விலை ஏறியதும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டு, ‘விலை ஏறவில்லை’ என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. மோரில் தண்ணீர் கூடியதை மறைப்பதும் அதுவும் ஒன்றே.

கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் சீட்டில் வேறாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் முதல் எண் எடை, அடுத்தது அடிப்படை மாதத்தை 100 என்று வைத்தால் இன்றைய விலை.

அரிசி: 26, 110
துவரம் பருப்பு: 12, 95
எண்ணெய்: 9, 105
காய்கறி: 16, 130
பால், தயிர்: 8, 100
புளி, மிளகாய், உப்பு, மற்ற மளிகை: 7, 104
வாழையிலை: 4, 150
எரிவாயு: 8, 90
கூலி: 10, 100

ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்களைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 100-ஆல் வகுங்கள். 108.7 வருகிறதா? அதுதான் உங்கள் சமையற்கட்டின் குறியீட்டெண். 1871-இல் லாஸ்பேயர் என்ற ஜெர்மானியர் வகுத்த முறை இது. கூடையை மாற்றாமல் விலையை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

இப்போது இலை வரியைப் பாருங்கள். 50 சதவீதம் ஏறியிருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் மொத்தக் குறியீட்டில் அது கூட்டியது 2 புள்ளிதான். சத்தமில்லாமல் பத்தே சதவீதம் ஏறிய அரிசி 2.6 புள்ளி கூட்டியிருக்கிறது. காய்கறி மட்டும் 4.8. எங்கே சிக்கனம் பார்க்க வேண்டும் என்பதை எடை சொல்லும், வாய் சொல்லாது. இலையை நிறுத்திவிட்டுத் தட்டு வைத்த எங்கள் அறக்கட்டளை, இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அந்த முடிவை எடுத்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை எடையைப் புதுப்பியுங்கள். விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறினீர்கள், தினமும் போட்டதை வாரம் மூன்று நாள் ஆக்கினீர்கள் என்றால் பழைய கூடை செல்லாது. புதிய கூடையை 100 என்று தொடங்கி, பழையதையும் அதையும் ஒரு மாதம் சேர்த்து எடுத்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வையுங்கள். சிம்லாவில் உள்ள தொழிலாளர் பணியகம் இதைத்தான் செய்கிறது. 2020-இல் தொழிலாளர் குறியீட்டை 2016 அடிப்படைக்கு மாற்றியபோது இணைப்பு விகிதம் 2.88 என்று அறிவித்தது. புதிய 100 என்பது 2001 வரிசையின் 288. அந்த மாற்றத்தில் உணவின் எடை 46.2-இலிருந்து 39.17-ஆகக் குறைந்தது.

எண் வந்த பிறகு

கட்டளை வாங்கும்போதே ரசீதில் ரூபாயோடு சாப்பாட்டு எண்ணிக்கையையும் எழுதுங்கள். 100 இலைக்கு நிரந்தரக் கட்டளை என்றால் எவ்வளவு வாங்க வேண்டும்? சாப்பாடு 55 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 5,500. வட்டி 7 சதவீதம் என்று வைத்து 80,000 ரூபாய் போதும் என்று பலரும் சொல்வார்கள். போதாது. உங்கள் குறியீடு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றால், 7-இல் 5 முதலுக்கே திரும்பிப் போக வேண்டும். செலவுக்கு மிஞ்சுவது 2 சதவீதம். 5,500 ரூபாயை அந்த 2 சதவீதத்தில் எடுக்க 2,75,000 ரூபாய் முதல் வேண்டும். இந்த எண்ணைக் கொடையாளரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அவ்வளவு முடியாது என்பவரிடம் பத்து வருடக் கட்டளை என்று வாங்கிக்கொள்ளலாம். நிரந்தரம் என்று எழுத வேண்டாம். வருமான வரி விலக்கு பெற்ற அறக்கட்டளைகள் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்ற விதி இருப்பதால், வட்டியை முதலில் சேர்க்கும் முன் ஆடிட்டரிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கடிதத்தில் ‘நிறைவேறியது’ என்பதோடு எத்தனை பேருக்கு என்ற எண்ணையும் எழுதுங்கள். குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். நாங்கள் எழுதாமல் விட்டது அதைத்தான்.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. மேலே உள்ள கணக்கில் அரிசி ஏறியது, காய் ஏறியது, எண்ணெய் ஏறியது. கூலியோ 100-லேயே நிற்கிறது. உதாரணத்துக்காக நான் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. நான் பார்த்த நோட்டுகளில் அந்த வரி பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு வந்து அடுப்புப் பற்றவைக்கும் அம்மாவும் அதே கடையில்தான் அரிசி வாங்குகிறார். ‘சேவைதானே’ என்று சொல்லி அவர் கூலியை நிறுத்தி வைத்தால், அன்னதானத்தில் ஒரு பங்கை அவர்தான் தன் வீட்டு உலையிலிருந்து கொடுக்கிறார் என்று பொருள். பகவான் ரமணர் விடியும் முன்பே சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்கியவர். பரிமாறுவதில் தனக்கென்று ஒரு பங்கு கூடுதலாக வந்தாலும் ஏற்காதவர். அவர் ஊரில் சமையற்கட்டு நடத்துகிற நமக்கு இந்த வரியை எழுதாமல் விட உரிமை இல்லை.

கூலியை உயர்த்த உங்கள் சமையற்கட்டுக் குறியீட்டை எடுக்காதீர்கள். அவருடைய கூடையில் வாடகை உண்டு, பள்ளிச் செலவு உண்டு, மாத்திரை உண்டு, பேருந்துக் கட்டணம் உண்டு. ரேஷன் அரிசி விலையில்லாமல் வருவதும் உண்டு. தொழிலாளர்கள் பஞ்சப்படி என்று சொல்லும் அகவிலைப்படிதான் அதற்கான கணக்கு. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பொறுத்து ஏறுகிறது. புதிய விகிதம் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.